எம்போங்கும் ஆரியா என்ற சொல்லும்

1949 மே 17 — 10 வெள்ளி
1951 ஜூலை 2 — 15 வெள்ளி
1951 ஆகஸ்ட் 30 — 15 வெள்ளி
1954 ஏப்ரல் 11 — 40 வெள்ளி
1955 செப்டம்பர் 6 — 25 வெள்ளி

மொத்தம் 105 மலாயா வெள்ளி. செமாயிலின் மகன் எம்போங் அடிதடிக்காகக் கட்டிய அபராதங்கள் இவை. கட்டியவன் அவன் என்று எழுதுவது முழு உண்மையல்ல. ஐந்தில் நான்கை அவனுடைய நாகுதா, அதாவது படகுத் தலைவர், சூலோங் கட்டினார். 1951 ஜூலையில் நாகுதா சியாமுக்குப் போயிருந்தார். காய்ச்சலால் கரையில் நின்றுவிட்ட எம்போங், காய்ச்சலோடேயே ஒருவனை அடித்திருக்கிறான். அந்தப் பதினைந்து வெள்ளியை அவன் மனைவி கல்தும் ஆறு கோழி விற்றுக் கட்டினாள்.

மலாயாவின் கிழக்குக் கரையில், திரங்கானு ஆற்றுமுகத்தில் முப்பத்தோரு ஆண்டு துறைக் கிராணியாக இருந்தேன். படகுகளின் வரவும் போக்கும், ஆட்களின் பெயரும், கடலில் நேர்ந்த சாவுகளும் என் கையெழுத்தில்தான் பதிவேட்டில் ஏறின. கரையில் படகுக்காரர்கள் மீது விழும் அபராதங்களையும் அதே ஏட்டின் கடைசிப் பக்கங்களில் குறித்துவைப்பேன். எம்போங்குக்கு மட்டும் முக்கால் பக்கம் ஆயிற்று.

அவன் ‘பாங்காவ்’ என்ற இரண்டு பாய்மரப் படகில் ஆஞ்சான் பிடிப்பவன். பெரிய பாயை ஏற்றி இறக்கும் கயிறு ஆஞ்சான். அதைக் கட்டையில் மூன்று சுற்றுச் சுற்றி, நுனியைக் கையில் வைத்துக்கொண்டு, காற்று கெட்டுப்போகும் நேரமெல்லாம் அங்கேயே நிற்க வேண்டும். நாகுதாவின் வாயிலிருந்து ‘ஆரியா’ வந்ததும் விட வேண்டும். பாய் மடிந்து இறங்கிவிடும். இரண்டு மூச்சு நேரம் தாமதித்தால் படகு கவிழும்.

ஆரியா எங்கள் கரையில் நாள்தோறும் காதில் விழும் சொல். லாரியிலிருந்து அரிசி மூட்டை இறக்குகிறவர்கள் சொல்வார்கள். கிணற்றில் வாளி விடும் பெண் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். மீன் வாங்க வந்தவர், விலையை இறக்கு என்பதற்கும் அதையே சொல்வார். இரண்டு பேர் கட்டிப்புரண்டால் சுற்றி நிற்பவர்கள் “ஆரியா, ஆரியா” என்று கத்துவார்கள். பிடியை விடு என்று பொருள். பிணத்தைக் குழிக்குள் இறக்கும்போது துணி பிடித்தவர்களில் மூத்தவர் அதை மெல்லச் சொல்வதை நான் மூன்று அடக்கங்களில் கேட்டிருக்கிறேன். ஆனால் படகு ஆற்றுமுகத்து மணல்திட்டைத் தாண்டிவிட்டால் அந்தச் சொல் ஒருவருக்கு மட்டுமே உரியது. வாளி இறக்குகிறவன்கூட ‘இறக்கு’ என்பானே தவிர அதைச் சொல்ல மாட்டான். நாகுதா இல்லாமல் போனால் சொல் சுக்கான் பிடிப்பவனுக்குப் போகும். அவனும் இல்லையென்றால்தான் மற்றவர்களுக்கு.

பாங்காவில் சுக்கான் பிடித்தவன் ஜூசோ. கல்துமின் அண்ணன்.

எம்போங் 1921இல் பிறந்தவன். குள்ளம், கழுத்து தடித்து, தோளும் தலையும் ஒன்றாக இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் ரேகை வைத்துவிட்டு, மையை என் மேசையின் அடிப்பக்கத்தில் துடைப்பான். சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். நாகுதா சூலோங்கைப் பற்றி யாராவது தரக்குறைவாகப் பேசினால் சிரிப்பு நின்றுவிடும். மேலே எழுதிய ஐந்தும் அப்படி நின்ற நாட்கள்.

1952 அக்டோபர் 14. ரெடாங் தீவுக்கு வெளியே நடந்ததை ஜூசோ எனக்குப் பின்னாளில் சொன்னான். மாலைத் தொழுகை நேரம். நாகுதா கூரைக்கு அடியில் தொழுதுகொண்டிருந்தார். மேற்கே கடல்மட்டத்தில் கறுப்பாக ஒரு கோடு எழும்பியது. காற்று அடித்ததும் படகு சாய்ந்தது. எம்போங் ஒரு முறை கூரையைப் பார்த்தான். நாகுதா நெற்றியைத் தரையில் வைத்திருந்தார். எம்போங் கயிற்றை விட்டான்.

பாயின் தலையில் இருந்த பருமல் பத்தடி நீளம். இரும்புப் பூண் போட்ட மரம். அதன் கீழே தாயிப் என்பவன் அவிழ்ந்த முடிச்சொன்றை இறுக்கிக்கொண்டிருந்தான். பருமல் அவன் மண்டையைப் பிளந்தது. காது வழியாக இரத்தம் கொட்ட, கால்கள் மட்டும் நெடுநேரம் உதைத்துக்கொண்டிருந்தனவாம். படகு தப்பியது.

நாகுதா தொழுகையை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

“யாரு சொன்னா?”

“காத்து வந்துருச்சு, நாகுதா. நீங்க தொழுகையில இருந்தீங்க.”

“நான் கேட்டது யாரு சொன்னான்னு.”

“யாரும் சொல்லலை.”

“தாயிப் தலையைப் பாரு. நல்லாப் பாரு. என் வாயில வந்திருந்தா முதல்ல ‘தாயிப், நகருடா’ன்னு வந்திருக்கும். அப்புறம்தான் அந்தச் சொல்லு. அதுக்குத்தான்டா ஒரே வாய்னு வெச்சிருக்கு.”

எம்போங் குனிந்து தாயிப்பின் தலையைப் பார்த்தான்.

“கையை வை.”

“எந்தக் கை?”

“விட்ட கை.”

கயிறு சுற்றும் கட்டையின் மேல் வலக்கையை அவனே வைத்தான். யாரும் பிடிக்கவில்லை. நாகுதா சமையலுக்கு வைத்திருந்த பாராங் என்ற வெட்டுக்கத்தியை வாங்கி, சுண்டுவிரலையும் அடுத்த விரலையும் ஒரே வெட்டில் எடுத்தார். எண்ணெயைக் காய்ச்சி ஊற்றினார்கள். அப்போதுதான் அவன் கத்தினானாம்.

“ஆஞ்சான் பிடிக்க மூணு விரல் போதும். ரெண்டு தாயிப்புக்கு,” என்றார் நாகுதா.

துறைக்கு வந்ததும் எம்போங் என் மேசைக்கு முன்னால் நின்று, “கயித்துல சிக்கிப் போச்சு, என்சிக்,” என்றான். படகுக்காரர்களுக்கு நான் என்சிக், அதாவது ஐயா. நானும் அப்படியே எழுதினேன். எவ்வளவு கேட்டும் அதற்கு மேல் சொல்லவில்லை. நாகுதா செய்தது தப்பு என்று அவன் ஒரு நாளும் நினைத்ததில்லை. தாயிப்பின் வீட்டைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு போவான்.

1954 ஏப்ரலில் நடந்ததை நானே பார்த்தேன். ஹைனான் சீனரின் காப்பிக் கடை. வேறொரு படகின் ஆள் மாமாட், கூட்டாளிகளோடு உட்கார்ந்திருந்தான்.

“டேய், மூணு விரலு! மூத்திரம் போகவும் உன் நாகுதாகிட்ட உத்தரவு வாங்கணுமாமே?”

“வாங்கிட்டுத்தான் வந்தேன்,” என்றான் எம்போங். “வாயைத் திற.”

கடையே சிரித்தது. மாமாட் காப்பிக் கோப்பையை எறிந்தான். எம்போங் மேசையைத் தாண்டிப் போய் அவன் முகத்தைச் சலவைக்கல் விளிம்பில் மோதினான். நான்கு பல் தெறித்தது. எண்ணிப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்தது நான். தாடை இரண்டாக உடைந்த பிறகும் தொண்டையைப் பிடித்த கை விடவில்லை. மூன்று விரல்தான். ஆறு பேர் இழுத்தும் வரவில்லை. எல்லோரும் ஆரியா, ஆரியா என்று கத்தினார்கள். மாமாட்டின் கண் செருகியது. மூலையில் நாகுதா சூலோங் சாசரில் காப்பியை ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, திரும்பாமலே, “ஆரியா,” என்றார்.

எம்போங் விட்டான்.

அதன் பிறகு கடையில் யாரும் சிரிக்கவில்லை. நாற்பது வெள்ளி.

1957 நவம்பர் 3. வாடைக்காற்று தொடங்குமுன் கடைசிச் சரக்கு. சியாமின் சிங்கோராவிலிருந்து உப்பும் கூரை ஓடுகளும் ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில் பாங்காவ் காற்றில் கவிழ்ந்தது. படகில் ஆறு பேர். நாகுதா, ஜூசோ, எம்போங், சமையல்காரன் டெராஹிம், கையாட்களான அண்ணன் தம்பி இருவர். ஐந்தாம் தேதி மீன்படகொன்று எம்போங்கைப் பருமலோடு சேர்த்துத் தூக்கியது. உள்ளங்கையில் கயிறு அறுத்து எலும்பு தெரிந்தது. ஜூசோவை வடக்கே போன சியாம் படகொன்று எடுத்து, பட்டானித் துறையில் இறக்கிவிட்டது என்று எட்டாம் தேதி தெரிந்தது. மற்ற நால்வரில் இருவர் உடல் கரை ஒதுங்கியது. நாகுதாவின் உடல் கிடைக்கவில்லை.

நவம்பர் 9ஆம் தேதி காலை எம்போங்கின் வாக்குமூலத்தை எழுதினேன். அலுவலகப் படியில் நாகுதாவின் தம்பி டெரமான் சாக்கில் சுற்றிய பாராங்கோடு உட்கார்ந்திருந்தான். கதவு திறந்தே இருந்தது.

“நாகுதா சொன்னாரா?”

“சொல்லலை.”

“ஏன் சொல்லலை?”

“பாயோட அடிக்கட்டை திரும்பி அவர் தலையில அடிச்சுது. அப்படியே தண்ணிக்குள்ள போயிட்டார். வாயே திறக்கலை.”

“அதுக்கப்புறம் யாரு சொல்லணும்?”

அவன் தன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். “தெரியாது, என்சிக்.”

இந்தக் கரையில் பிறந்த பிள்ளைக்கும் தெரிந்த விடை அது. தெரியாது என்று எழுதிக்கொண்டேன்.

“ஜூசோ சுக்கான்ல இருந்தானா?”

“திரும்பிப் பார்க்கலை.”

“கயித்தைப் பிடிச்சவன் பின்னால பார்க்காம இருப்பானா?”

“என் கழுத்து திரும்பாது, என்சிக். பாருங்க, எவ்வளவு தடிமன்.”

படியிலிருந்து டெரமான் எழுந்து வந்தான். “இருபத்தெட்டு வருஷம் எங்கண்ணன் வாய் ஒரு தடவை பிந்தினதில்ல. அவர் சொன்னாரு. நீ கேட்டே. கேட்டுட்டுப் பிடிச்சுக்கிட்டே நின்னே. ரெண்டு விரலுக்கு நாலு உசிரு!”

“சொல்லலை, அபாங்,” என்றான் எம்போங். அண்ணன் முறைக்கு எங்கள் சொல் அபாங்.

“சொல்லலைன்னா ஜூசோ சொல்லியிருக்கணும். அவன் சொன்னானா? அப்பவும் நீதான். அவன் சொல்லலையா? அப்ப அவன். ரெண்டு பேர்ல ஒருத்தன் எங்கண்ணன் படகைக் கொன்னிருக்கான். ஒரு பேரு சொல்லு.”

எம்போங் ரேகை வைத்துவிட்டு, மையை மேசையின் அடியில் துடைத்தான்.

டெரமான் தவணை கொடுத்தான். நோன்புப் பெருநாள் வரை. அதற்குள் ஜூசோ வந்து நடந்ததைச் சொல்ல வேண்டும். வராவிட்டால் எம்போங்கின் உயிர்தான் கணக்கு. காவல் நிலையத்துக்குச் சொன்னேன். டெரமானை எழுத்தில் எச்சரித்து அனுப்பினார்கள்.

தவணை என்றாலும் கை சும்மா இருக்கவில்லை. டிசம்பர் 2ஆம் தேதி டெரமானின் மருமகன்கள் மூன்று பேர் படகுத்துறையில் எம்போங்கைத் துடுப்பால் அடித்து இரண்டு விலா எலும்பை முறித்தார்கள். ஜனவரி 15இல் அவனுடைய சிறு ஓடத்தைக் கொளுத்தினார்கள். பிப்ரவரியில் அவன் ஆட்டின் பின்னங்கால் நரம்பை வெட்டி, வாசலில் கொண்டுவந்து போட்டார்கள். மாமாட்டின் தாடையை உடைத்த அதே ஆள் எதிர்த்து ஒரு கை ஓங்கவில்லை. “எத்தனை தடவைதான் வாங்குவே? திருப்பிக் குடுடா!” என்று துறையில் நின்றவர்கள் கத்தினார்கள். “பெருநாளுக்கு இன்னும் நாளிருக்கு,” என்று சொல்லி வாயிலிருந்த இரத்தத்தைத் துப்பினான்.

கல்தும் தன் அண்ணனுக்குக் கடிதம் எழுத என்னிடம் வருவாள். முதல் கடிதத்தில் ‘உடனே வா’ என்று எழுதச் சொன்னாள். டிசம்பர் 18இல் பதில் வந்தது. உயிரோடு இருக்கிறேன், வலை வேலை செய்கிறேன், காத்திருக்க வேண்டாம் என்று இரண்டே வரி. இரண்டாம் கடிதத்துக்கு பிப்ரவரி 11இல் பதில்: பெருநாளுக்குள் வரப் பார்க்கிறேன். அதைப் படித்துச் சொன்னதும் அவள் மகிழவில்லை.

“வந்தா அண்ணன் போயிடும். வரலைன்னா வீட்டுக்காரர் போயிடுவார். இப்ப நான் என்னன்னு எழுதச் சொல்றது, என்சிக்?”

“உங்கண்ணன் மேல தப்பு இருக்குன்னு நினைக்கிறியா?”

“அதுக்குச் சின்னதிலேயே அப்படித்தான். பயம் வந்தா வாய் கட்டிக்கும். எங்கப்பா கோல் எடுத்தா ஆமான்னும் சொல்லாது, இல்லைன்னும் சொல்லாது. சேர்த்து ரெண்டு அடி வாங்கும்.”

“வீட்டுக்காரர்கிட்டக் கேட்டியா?”

“கேட்டேன். ‘உங்கண்ணன் நல்லா சுக்கான் பிடிக்கும்’னு சொல்றார். வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறார்.”

மூன்றாம் கடிதத்தில் மழை பெய்கிறது, சந்தையில் மீன் இல்லை என்று மட்டும் எழுதச் சொன்னாள். எழுதினேன். வா என்றும் இல்லை, வராதே என்றும் இல்லை.

1958 ஏப்ரல் 20, பெருநாள். தொழுகை முடிந்து எல்லோரையும்போல நானும் வீடு வீடாகப் போனேன். டெரமானின் வீட்டில் பத்து மணிக்கு உட்கார்ந்திருந்தேன். ஜூசோ வரவில்லை என்பது ஊருக்கே தெரியும். அப்போது எம்போங் புதுச் சட்டையும் இடுப்பில் சரிகை நெய்த சோங்கெட் துணியும் கட்டிக்கொண்டு படியேறி வந்தான்.

“மன்னிப்புக் கேட்க வந்தேன், அபாங் டெரமான். உள்ளும் புறமும்.”

“எதுக்குன்னு சொல்லிக் கேளு.”

“இன்னிக்கு ஊரே கேட்குது. யாரு எதுக்குன்னு சொல்லிக் கேட்கிறா?”

“ஏன் இங்கே வந்தே?”

“நீங்க என் வீட்டுக்கு வர வேண்டாம்னுதான். அங்கே கல்தும் இருக்கா.”

டெரமான் பாயைக் காட்டினான். தன் கையாலேயே நாசி டாகாங் என்ற தேங்காய்ப்பால் சோறு வைத்து, சூரை மீன் துண்டுகளில் பெரியதை எடுத்துப் போட்டான். எம்போங் மூன்று விரலால் நிதானமாகச் சாப்பிட்டான்.

“அண்ணன் சொன்னாரா?”

“சொல்லலை.”

“ஜூசோ?”

“நான் பார்க்கலை.”

“ஒரே ஒரு பேரு, எம்போங். சொல்லிட்டு வீட்டுக்குப் போ. பொண்டாட்டி காத்துக்கிட்டிருப்பா.”

எம்போங் கிண்ணத்து நீரில் கை கழுவினான். “மீன் நல்லா இருந்தது. உப்பு கொஞ்சம் தூக்கல்.”

“வீட்டுக்குள்ள நீ விருந்தாளி,” என்றான் டெரமான். “படிக்குக் கீழே எம்போங். தெரியுமில்ல?”

“தெரியும்.”

நான் எழுந்து டெரமானின் தோளைப் பிடித்தேன். மருமகன்கள் என்னைச் சுவரோடு சேர்த்து அழுத்தினார்கள். பெண்கள் அலறினார்கள். எம்போங் எல்லோரிடமும் கைகொடுத்து விடைபெற்றான்; என் கையையும் மருமகன்களின் பிடிக்குள்ளேயே தேடித் தொட்டுவிட்டு, தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டான். ஏழு படி. ஓடவில்லை. கடைசிப் படியிலிருந்து மணலில் கால் வைத்ததும் டெரமான் மேலிருந்து குதித்தான்.

முதல் வெட்டு இடத் தோளில். எலும்பு உடையும் சத்தம் கூடத்துக்குள் கேட்டது. இரண்டாவது முகத்துக்கு வந்தபோது எம்போங் வலக்கையை உயர்த்தினான். அது மணிக்கட்டோடு போயிற்று. மூன்றாவது விலாவுக்குக் கீழே இறங்கி அங்கேயே சிக்கியது. டெரமான் அவன் மார்பில் காலை வைத்து இழுத்தும் பாராங் வரவில்லை. தெருவில் பெருநாள் உடையில் நின்றவர்கள் ஆரியா, ஆரியா என்று கத்தினார்கள். நாலாவது இழுப்பில் வந்தது. டெரமான் அதை மணலில் போட்டுவிட்டு, படியில் உட்கார்ந்து, போலீஸ் வரும்வரை நகரவில்லை.

எம்போங் இரண்டு நாள் உயிரோடு இருந்தான். மருத்துவமனையில் நான் காகிதத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“இப்பவாவது சொல்லு. எழுதிக்கிறேன்.”

“நீங்க எழுதினா அது அப்படியே நின்னுடும், என்சிக்,” என்றான். “வேண்டாம்.”

ஏப்ரல் 22ஆம் தேதி பிற்பகல் 3.40க்கு இறந்தான். வயது 37.

அதன் பிறகு ஜூசோவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பட்டானியில் ஏப்ரல் 3ஆம் தேதி எழுதியது. என் பெயருக்கு. ‘பெருநாளுக்கு முன் டெரமானிடம் இதைப் படித்துக் காட்டவும்’ என்று உறையின் மேலேயே இருந்தது. கொண்டுவந்த உப்புப் படகு வழியில் பாய் கிழிந்து கோத்தா பாருவில் நான்கு வாரம் நின்றுவிட்டது.

கடிதத்தின் முக்கியமான பகுதி இது. ‘நாகுதாவை அடிக்கட்டை அடித்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எம்போங் என்னைத் திரும்பிப் பார்த்தான். அபாங், சொல்லு என்றான். மூன்று முறை கேட்டான். எனக்கு வாய் வரவில்லை. நான் சுக்கானை விட்டுவிட்டுக் குதித்தேன். குதிக்கும்போதும் அவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மேல் குற்றமில்லை. நானே வந்து சொல்ல நினைத்து இரண்டு முறை படகேறி இறங்கிவிட்டேன். டெரமான் இங்கு வரட்டும். நான் ஓட மாட்டேன்.’

கல்துமுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கடிதத்தை வாங்கி, மடிப்பு மாறாமல் திருப்பிக் கொடுத்தாள். பிறகு அனுமதி வாங்கிச் சிறைக்குப் போய் டெரமானுக்குப் படித்தேன்.

“மூணு முறை கேட்டான்கிற வரியை இன்னொரு தடவை படிங்க, என்சிக்.”

படித்தேன்.

“அப்ப அவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு.”

“தெரிஞ்சிருக்கு.”

“என் வீட்டுல உட்கார்ந்து சாப்பிட்டானே! உப்புத் தூக்கல்னு சொன்னானே!”

நெற்றியைக் கம்பியில் மோதத் தொடங்கினான். காவலர்கள் இருவர் வந்து இழுத்துப் போகும்போது முகம் முழுக்க இரத்தம்.

நாகுதாவுக்குப் பின் சொல் யாருடையது என்ற கேள்விக்கு நேரே, நவம்பர் 9ஆம் தேதி வாக்குமூலத்தின் ஓரத்தில், சிவப்பு மையில் ஜூசோவின் பெயரை எழுதினேன். எம்போங் வேண்டாம் என்றதுதான். ஆனாலும் எழுதினேன். கடிதத்தையும் அதோடு வைத்துத் தைத்தேன்.

கடிதம் வந்து சேர்ந்த நாள்: 1958 மே 6.